பேப்பரே இல்லாத புள்ளிக் குட்டிக்கு ஹேர் டெஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷன், முதல் ஷோ: எங்க ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், அப்பன் ஆத்தா யாருன்னே தெரியாத, உடம்புல புள்ளி விழுந்த சின்ன மட்டக்குதிரைக் குட்டி ஒன்னு உங்க கையில இருந்து, அதை ஷோவுக்கு (குதிரையை நிறுத்திக் காட்டற போட்டிக்கு) கூட்டிட்டுப் போகணும்னு உங்க பிள்ளைங்க ஆசைப்பட்டா, அமெரிக்காவுல ரெண்டு இடத்துல காசு குடுக்கறது வீண் போகாதுங்க. ஒன்னு யு.சி. டேவிஸ் யுனிவர்சிட்டியோட வெட்டரினரி ஜெனடிக்ஸ் லேப், முடியை வெச்சு ஜீன் டெஸ்ட் பண்றவங்க, கலிஃபோர்னியாவுல இருக்கு. இன்னொன்னு புள்ளி மட்டக்குதிரைங்களை ரெஜிஸ்டர் பண்ற போனி ஆஃப் தி அமெரிக்காஸ் கிளப், எல்லாரும் பி.ஓ.ஏ.ன்னுதான் சொல்வாங்க. ரெண்டுமே எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. இதுக்கு நடுவுல காசு புடுங்கற வேற சில விஷயங்களும் இருக்கு, அதையும் சேத்தே எழுதறேன், ஏன்னா நான் தேடினப்ப தமிழ்ல இதைப் பத்தி ஒரு வரி கூடக் கிடைக்கல.

நாங்க இருக்கறது அயோவாவுல. சொந்த ஊர் ஈரோடு பக்கம், ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய்ப் போய் வளந்தவ நான், அதனால எனக்குக் குதிரைன்னா பயம் கிடையாது. பொண்ணுக்கு 11 வயசு. பக்கத்து டவுன் ஏலத்துல ஒரு பெண் குட்டி வந்துச்சு, பேப்பர் எதுவும் இல்ல, அம்மா எந்த இனம் அப்பா எந்த இனம்னு வித்தவங்களுக்கே தெரியல, நாலு வயசு ஆச்சு ஏறி ஓட்டலாம்னு மட்டும் அடிச்சுச் சொன்னாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வெட் டாக்டர் உதட்டைத் தூக்கிப் பாத்தா முன்பல் அத்தனையும் பால் பல்லு. குதிரைக்கு நடு ரெண்டு பல்லு விழுந்து பெரிய பல்லு முளைக்கறதே ரெண்டரை வயசுலதான், அடுத்தது மூணரை, ஓரத்துப் பல்லு நாலரை. அப்ப இதுக்கு ரெண்டு வயசு கூட முழுசா ஆகியிருக்குமோ என்னவோ. முதுகுல சேணம் போட இன்னும் காலம் இருக்கு, இப்போதைக்குக் கயித்துல பிடிச்சு நடத்திக் காட்டற ஹால்டர் கிளாஸ்தான்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு. நீங்க பேப்பர் இல்லாத குட்டி வாங்கறதா இருந்தா தயவுசெஞ்சு பல்லைப் பாக்கத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போங்க, இதுல ஏமாந்தா பிஞ்சு முதுகுல பிள்ளையை ஏத்தி குதிரையையும் கெடுத்துடுவோம்.

மல்லின்னு பேர் வெச்சோம். முன்பாதி செம்பழுப்பு, இடுப்புக்கு மேல வெள்ளைத் துணி போத்தின மாதிரி இருக்கும், அந்த வெள்ளைக்குள்ள முட்டை சைஸ்ல பழுப்புப் புள்ளிங்க. கிட்டப் போய் மூக்கைப் பாத்தீங்கன்னா கருப்புத் தோல்ல ரோஸ் கலர் திட்டுத் திட்டா, வாலைத் தூக்கினா அங்கேயும் அதே. குளம்புல மேலருந்து கீழா வெள்ளையும் கருப்பும் கோடு கோடா ஓடும். கண்ணுல கருவிழியைச் சுத்தி மனுஷங்களுக்குத் தெரியற மாதிரி வெள்ளை தெரியும். இந்தப் புள்ளித்தோல், கோடு போட்ட குளம்பு, வெள்ளைக்கண் மூணும்தான் ஆப்பலூசாங்கற அமெரிக்கக் குதிரை இனத்துல வர வகைப் புள்ளிக்கு அடையாளம். பசுமாடு கணக்கா பெரிய பெரிய வெள்ளைப் பட்டை இருந்தா அது பின்டோ, அதுக்குக் காரணம் வேற ஜீனுங்க, அதுக்கு வேற சங்கம். நிறைய பேர் ரெண்டையும் புள்ளிக் குதிரைன்னு ஒன்னாப் போட்டுக் குழப்பிக்கறாங்க, ரெஜிஸ்டர் பண்ணப் போறப்ப இது ரொம்ப முக்கியம், ஏன்னா பின்டோ அடையாளம் இருந்தா பி.ஓ.ஏ. எடுத்துக்க மாட்டாங்க.

எங்க ரெஜிஸ்டர் பண்றதுன்னு யோசிச்சப்ப முதல்ல மனசுல வந்தது ஆப்பலூசா ஹார்ஸ் கிளப்தான், 1938-ல ஆரம்பிச்சது, ஐடஹோ மாநிலத்துல மாஸ்கோன்னு ஒரு ஊர்ல இருக்கு. அவங்க பெரிய குதிரைக்காரங்க, வளந்து முடிக்கறப்ப 14 கை உயரம் வந்தாகணும், மட்டக்குதிரை ரத்தம் கலந்ததையும் சேக்க மாட்டாங்க. ஒரு கைங்கறது 4 இன்ச், அப்ப 56 இன்ச். மல்லி அந்த உயரத்துக்கு வரவே மாட்டா. அங்க கதவு மூடினதும்தான் பி.ஓ.ஏ. பக்கம் திரும்பினோம், பாத்தா அது ஆரம்பிச்சதே எங்க அயோவாவுல! மேசன் சிட்டிங்கற ஊர்ல லெஸ்லி பூம்ஹவர்னு ஒருத்தர் ஷெட்லாண்ட் மட்டக்குதிரை வளத்துட்டு இருந்தாரு. அரேபியனும் ஆப்பலூசாவும் கலந்த ஒரு பெட்டைக்கு ஷெட்லாண்ட் ஆண் குதிரை மூலமா ஒரு குட்டி பொறந்துச்சு, வெள்ளை உடம்புல கருப்புக் கறை கறையா, அதுல ஒரு கறை மனுஷன் கை வெச்ச மாதிரியே இருந்ததால பிளாக் ஹேண்ட்னு பேரு. 1954-ல அந்தக் கலப்புக் குட்டியை வெச்சே ஒரு சங்கம் ஆரம்பிச்சு, பிள்ளைங்க ஓட்டறதுக்குத் தோதான புள்ளி மட்டக்குதிரைன்னு ஒரு இனத்தையே உருவாக்கிட்டாங்க. அஸ்திவாரமே கலப்புக் குட்டிங்கறதால இவங்க ரெஜிஸ்டர் புத்தகத்தை வெளிக் குதிரைங்களுக்கு மூடி வெக்கல. வம்சம் என்னங்கறதோட இந்தக் குதிரை பாக்க எப்படி இருக்கு, எவ்ளோ உயரம்ங்கறதுக்கும் பெரிய மதிப்பு குடுக்கறாங்க. எனக்கு இந்தச் சங்கத்து மேல மரியாதை வந்தது இதனாலதான்.

அவங்க கணக்கு ரொம்பத் தெளிவு. வளந்து முடிக்கறப்ப உயரம் 46 இன்ச்லருந்து 56 இன்ச்சுக்குள்ள இருக்கணும். உடம்புல ஆப்பலூசா கலர் 40 அடி தூரத்துல நின்னு பாத்தாலே தெரியணும். தோல்ல அந்தத் திட்டு இருக்கணும். நாங்க கொட்டகையிலருந்து டேப் வெச்சு 40 அடி அளந்து மல்லியை நிறுத்திப் பாத்தோம், இடுப்பு வெள்ளையும் புள்ளியும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பொண்ணு அங்கேயே குதிக்க ஆரம்பிச்சுட்டா.

அதுக்கு முன்னாடியே யு.சி. டேவிஸ் லேப்ல ஹேர் டெஸ்ட் குடுத்திருந்தோம். ரெஜிஸ்டர் பண்றதுக்காகன்னு மட்டும் நினைக்காதீங்க, அதைவிடப் பெரிய காரணம் ஒன்னு இருக்கு, குதிரையோட கண்ணு. இந்தப் புள்ளியைக் கொண்டு வர ஜீனுக்கு லெப்பர்ட் காம்ப்ளெக்ஸ், சுருக்கமா எல்.பி.ன்னு பேரு. டி.ஆர்.பி.எம்.1-ங்கற ஜீனுக்குள்ள எக்ஸ்ட்ராவா ஒரு துண்டு டி.என்.ஏ. வந்து சொருகிக்கிட்டதுதான் காரணம்னு 2013-ல கண்டுபிடிச்சு எழுதினாங்க. அந்த ஜீனுக்குத் தோல்லயும் வேலை இருக்கு, கண்ணு விழித்திரையிலயும் வேலை இருக்கு. ஒரு காப்பி மட்டும் இருந்தா புள்ளி வரும், இருட்டுல பார்வைக்குக் குறை வராது. அம்மா அப்பா ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து ரெண்டு காப்பி ஆயிட்டா அந்தக் குதிரைக்குப் பொறவியிலயே மாலைக்கண், பகல்ல ஒரு குறையும் தெரியாது, பொழுது சாஞ்சா சுத்தமாப் பார்வை மங்கிடும். வம்சம் தெரிஞ்ச குதிரைன்னா ஓரளவு ஊகிச்சுக்கலாம், ஏலத்துல வாங்கின குட்டிக்கு என்னத்த ஊகிக்கறது? இருட்டின நேரத்துல டிரெய்லர்ல ஏத்தப் போறது ஒரு சின்னப் பொண்ணு. அந்த ஒரு காரணத்துக்கே இந்த டெஸ்ட் வொர்த்துங்க.

முடி எடுக்கறது சுலபம். ஃபார்மை பிரிண்ட் எடுத்துக்கிட்டு, பிடரியில கொஞ்சம் முடியை விரல்ல சுத்தி வெடுக்குன்னு இழுக்கணும், கத்தரிக்கோல்ல வெட்டினா வேலைக்கு ஆகாது, ஏன்னா டி.என்.ஏ. வேர்லதான் இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா முடி நுனியில குண்டூசித் தலையை விடச் சின்னதா வெள்ளையா ஒரு குமிழ் தெரியும், அந்தக் குமிழ் இருக்கற முடி 20லருந்து 30 வரைக்கும் வேணும். ஃபார்ம்ல டேப் போட்டு ஒட்டி, கவர்ல போட்டு அனுப்ப வேண்டியதுதான். மல்லி முதல் தடவை தலையை உதறினா, பொண்ணு அவ கழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தா, அப்புறம் சும்மா நின்னுட்டா. ரிசல்ட் ஈமெயில்லயே வந்துடுச்சு. எல்.பி. ஒரு காப்பிதான், அதாவது மாலைக்கண் இல்ல. அதோட சேத்து பேட்டர்ன் ஒன்னுங்கற இன்னொரு ஜீனையும் பாப்பாங்க, அது இருந்தா உடம்பு முழுக்க வெள்ளை பரவி டால்மேஷியன் நாய் கணக்கா ஆகும். மல்லிக்கு அது இல்ல. அது இல்லாமலும் இடுப்புல வெள்ளை வரும், அதுக்கு வேற ஜீனுங்க இருக்கு, அதனால ரிசல்ட்ல அது இல்லைன்னு வந்தா பதறாதீங்க. முகத்துலயும் கால்லயும் வெள்ளை அதிகமா இருக்கற குட்டின்னா அதே லேப்ல டொபியானோ மாதிரி பின்டோ ஜீன் டெஸ்டும் சேத்துக் குடுத்துடுங்க, பின்னாடி கேள்வி வந்தா கையில பதில் இருக்கும்.

இந்தப் புள்ளி ஒன்னும் நேத்திக்கு வந்தது கிடையாது. பிரான்ஸ்ல பெஷ் மெர்ல்னு ஒரு குகையில ஏறத்தாழ 25,000 வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க புள்ளிக் குதிரை வரைஞ்சு வெச்சிருக்காங்க, ஏதோ கற்பனையில வரைஞ்சதுன்னு பல பேர் நினைச்சுட்டு இருந்தாங்க, 2011-ல பழைய குதிரை எலும்புங்கள்ல இதே எல்.பி. ஜீன் இருக்கறதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பொண்ணு இதை வெச்சு ஸ்கூல் ப்ராஜெக்ட்டே பண்ணினா.

சரி, இனி காசு வீணாகற விஷயம். இது என்ன இனம்னு சொல்றோம்னு டி.என்.ஏ. டெஸ்ட் விக்கறாங்க. ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. அது உங்க குதிரையோட டி.என்.ஏ.வை அவங்ககிட்ட இருக்கற இனங்களோட ஒப்பிட்டு, எது கிட்டத்துல வருதோ அதைச் சொல்லும். பல தலைமுறையாக் கலந்த மட்டக்குதிரைக்கு அதுல வர பேருங்களை நம்பி ஒன்னும் பண்ண முடியாது, அந்த ரிசல்ட்டை வெச்சு எந்தச் சங்கமும் வம்சப் பேப்பர் குடுக்காது. ஆர்வத்துக்கு வேணா பண்ணிக்கங்க. அதைவிட மோசம், போட்டோவும் காசும் அனுப்பினா எந்தக் குதிரைக்கும் பளபளன்னு சர்டிஃபிகேட் அடிச்சுத் தர ஆன்லைன் ரெஜிஸ்ட்ரிங்க. ஏலத்துல எங்க பக்கத்துல நின்ன ஒருத்தர் அப்படி ஒன்னைச் சிபாரிசு பண்ணினாரு. உயரம் கேக்கல, வெட் பேப்பர் கேக்கல, நேர்ல யாரும் பாக்கல, அந்தப் பேப்பரை வெச்சு எந்த ஷோவுல நிக்கலாம்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. பிள்ளைங்க ஆசையை வெச்சு இப்படிக் காசு பாக்கறாங்களேன்னு எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. எந்த ரெஜிஸ்ட்ரியா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க, உங்க ஷோ எங்க நடக்குது, யார் ஜட்ஜ் பண்றாங்க. பதில் சொன்னா மட்டும் கார்டை எடுங்க.

பி.ஓ.ஏ.வுல பேப்பர் இல்லாத குதிரைக்கு ஹார்ட்ஷிப்னு சொல்ற வழி. ரெஜிஸ்டர் ஆன அம்மா அப்பாவுக்குப் பொறந்த குட்டியை விட இதுக்குக் காசு கூட, வேலையும் கூட, அந்தந்த வருஷக் கட்டணத்தை ஆபீஸ்ல கேட்டுக்கங்க. எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்தது போட்டோதான். இடது பக்கம், வலது பக்கம், முன்னாடி, பின்னாடி எல்லாம் தெளிவா வேணும், குளம்பு புல்லுக்குள்ள மறையக் கூடாது, நிழல் விழுந்தா புள்ளியே தெரியாது. வெயில் உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி சிமெண்ட் தரையில நிறுத்தி எடுத்தோம். உயரம் அளக்கறதும் சமதரையிலதான், கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற மேட்டுல கோலை வெச்சு, தலையைத் தூக்கவும் விடாம குனியவும் விடாம பிடிச்சுக்கணும். 47 இன்ச் வந்துச்சு, இன்னும் வளருவா. கிளப் சார்பா நேர்ல பாக்க வந்த ஒரு அம்மா மல்லியோட மூக்கு, குளம்பு, கண்ணு, வாலடி எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. பிடரியில இருக்கற சுழியைக் கூட உத்துப் பாத்தாங்க. எங்க மாமா அந்தியூர் சந்தையில சுழி பாத்துத்தான் விலையே பேசுவாரு, வீட்டுக்கு ஆகுமா ஆகாதான்னு. இங்க அதையே இந்தக் குதிரை இதுதான்னு அடையாளத்துக்குக் குறிச்சு வெப்பாங்க. மாமாகிட்ட வீடியோ கால்ல காமிச்சேன், "கண்ணு, சுழி சுத்தமா இருக்குது, தாராளமா வெச்சுக்க"ன்னாரு.

ஷோவுக்குப் போக பெரும்பாலும் காகின்ஸ் டெஸ்ட் கட்டாயம், ரெஜிஸ்டர் ஆன குதிரைக்கும் இதுல விலக்கு கிடையாது. ரத்தம் எடுத்து இன்ஃபெக்ஷியஸ் அனீமியாங்கற வியாதி இல்லைன்னு பாப்பாங்க. கடிக்கற பெரிய ஈங்க மூலமா ஒரு குதிரையிலருந்து இன்னொன்னுக்குப் பரவும், மருந்தும் கிடையாது தடுப்பூசியும் கிடையாது. அந்தச் சர்டிஃபிகேட் இல்லாம பல ஷோவுல கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, வேற மாநிலம்னா வெட்கிட்ட ஹெல்த் சர்டிஃபிகேட்டும் வேணும். ரிசல்ட் லேப்லருந்து வரணுங்கறதால முன்கூட்டியே எடுத்து வெச்சுடுங்க.

ட்ரெஸ், சாமான் விஷயத்துல ஒரு கடையில எங்களைப் பாத்ததும் வெள்ளி வெச்ச ஷோ ஹால்டரைத்தான் (குதிரைத் தலையில மாட்டற வாரு) எடுத்து நீட்டினாங்க, ஒரு மாச மளிகைக் காசு. வேண்டாம்னு வந்துட்டோம். சுத்தமாத் தொடைச்சு எண்ணெய் போட்ட பழைய தோல் ஹால்டர், அளவாப் பொருந்தினது, போதும். ரெண்டு வயசுக் குட்டிக்கு அதுக்கு மேல எதுவும் தேவையில்ல. அந்தக் காசுக்குக் குளம்பு ட்ரிம் பண்ற ஆளை ஒழுங்கா வரவைங்க, ஜட்ஜ் கண்ணு முதல்ல போறது காலுக்குத்தான்.

ஷோ பத்தி. ஹால்டர் கிளாஸ்ல குதிரையோட உடம்பைப் பாப்பாங்க. ஷோமேன்ஷிப்ல குதிரையைக் கயித்துல பிடிச்சிட்டு நிக்கற பிள்ளையைப் பாப்பாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா இதுல எந்த வம்சமும் உதவாது, தினமும் நீங்க குதிரையோட எவ்ளோ நேரம் இருந்தீங்கங்கறது தெரிஞ்சுடும். குதிரையை மனசுக்குள்ள நாலாப் பிரிச்சுக்கணும். ஜட்ஜ் முன்பாதியில நின்னா பிள்ளை எதிர்ப்பக்கம் நிக்கணும், ஜட்ஜ் பின்பாதிக்குப் போனா பிள்ளை அவர் இருக்கற பக்கமே வந்துடணும். அவர் பார்வையை மறைக்கவும் கூடாது, குதிரை பின்னாடி உதைச்சா மூஞ்சியைத் தன் பக்கம் இழுத்து அவரைக் காப்பாத்தற இடத்துல இருக்கணும். கேக்கச் சுலபம், குட்டியோட பண்றப்பத்தான் தெரியும். "அம்மா, நான் அந்தப் பக்கம் போனா மல்லியும் என் கூடவே திரும்பிடறாம்மா"ன்னு பொண்ணு அழுவாத குறை. கிளப்ல இருந்த ஒரு வயசான பாட்டி, வருஷக்கணக்கா இதே வேலையா இருக்கறவங்க, கயித்தை இறுக்கிப் பிடிக்காம கையை ஒரே உயரத்துல வெச்சுக்கிட்டு சின்னச் சின்ன அடியா நகரச் சொன்னாங்க. காசு வாங்காம, தன் பேரன் கிளாஸ் நடந்துட்டு இருக்கறப்பவே வந்து சொல்லிக் குடுத்தாங்க. கொட்டகையில அதையே பழகிப் பழகி மல்லி நாலு காலையும் சதுரமா ஊணி நிக்கக் கத்துக்கிட்டா.

ரெண்டு வயசுப் பெண் குட்டிங்க ஹால்டர் கிளாஸ்ல நாலாவது இடம், வெள்ளை ரிப்பன். முன்னாடி வந்த மூணும் நல்ல வம்சத்துல வந்து நல்லா வளந்த குட்டிங்க, ஜட்ஜ் பண்ணினது நியாயம். மல்லிக்குப் பின்னங்கால் கொஞ்சம் நேரா இருக்கு, அது தெரிஞ்சதுதான். ஷோமேன்ஷிப்ல இடம் கிடைக்கல, ட்ராட் பண்றப்ப, அதாவது மெதுவா ஓடறப்ப, மல்லி நடுவுல நின்னு ஸ்பீக்கரைப் பாத்துட்டா. வெளியில வந்தப்ப முதல் இடம் வாங்கின பையனோட அம்மாவே வந்து, இந்தக் குட்டி எங்க கிடைச்சுது, புள்ளி ரொம்ப அழகுன்னு பேசினாங்க. அப்பா அம்மா தெரியாத குட்டின்னு சொன்னேன், ஒருத்தர் முகமும் மாறல. எங்க ஊர்லயும் சரி இங்கயும் சரி, ஜாதிக் குதிரைன்னாத்தான் மரியாதைன்னு இருக்கற குதிரை உலகத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

கஷ்டம்னு சொன்னா தூரம்தான். ஷோ எல்லாம் கிட்டத்துல கிடைக்காது, டிரெய்லர், டீசல், ஸ்டால் வாடகைன்னு கணக்குப் போட்டா ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் அதுல ஒரு மூலைக்குக் கூட வராது. டிரெய்லர் சொந்தமா இல்லைன்னா ஷோவுக்குப் போற வேற குடும்பத்தோட சேந்துக்கங்க, கிளப்ல கேட்டா ஏற்பாடு பண்றாங்க. முதல்ல பக்கத்துல நடக்கற 4-எச்ங்கற பிள்ளைங்க கிளப் ஷோவுலயோ ஓப்பன் ஷோவுலயோ நிறுத்திப் பழக்குங்க, அங்க இனப் பேப்பரே கேக்க மாட்டாங்க, குட்டிக்கும் மைக் சத்தம், கூட்டம் எல்லாம் பழகிடும்.

கடைசியா ரெண்டு விஷயம். இந்தப் புள்ளிக் குதிரைங்க வயசு ஏற ஏற கலர் மாறும், பழுப்பு முடிக்கு நடுவுல வெள்ளை கலந்துக்கிட்டே வரும், கன்னத்து எலும்பு, முட்டி மாதிரி எலும்பு துருத்தற இடம் மட்டும் கருமையாவே நிக்கும். அதனால வருஷா வருஷம் நாலு பக்கமும் போட்டோ எடுத்து பேப்பரோட வெச்சுக்கங்க. அடுத்தது கண்ணு. ஒரு காப்பி எல்.பி. இருந்து மாலைக்கண் இல்லைன்னு வந்தாலும், இந்த வகைக் குதிரைங்களுக்கு யுவைட்டிஸ்னு கண்ணுக்குள்ள திரும்பத் திரும்ப வீக்கம் வர வியாதி மத்த குதிரைங்களை விட அதிகமா வருது. கண்ணுல தண்ணி வடிஞ்சாலோ, வெளிச்சத்துல கண்ணைச் சுருக்கினாலோ, கண்பாப்பாவுல புகை படிஞ்சாப்ல தெரிஞ்சாலோ காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே வெட்டைக் கூப்பிடுங்க. அயோவா, இல்லினாய், மிசூரி பக்கம் தமிழ்க் குடும்பங்க யாராவது இந்த மாதிரி குட்டி வெச்சிருந்தா கீழ எழுதுங்க, ஹார்ட்ஷிப் ஃபார்ம் நிரப்பறதுக்கு நான் கூட உக்காந்து உதவறேன்.